இப்ப என்ன படிக்கிறீங்க? – கடலூர், புதுச்சேரிப் பயணக் குறிப்புகள்

ஏப்ரல் 24, வெள்ளி – திருச்சியிலிருந்து கடலூர்

பஸ் பயணத்துக்கு நாவல் ஆகாது என்பது என் கட்சி. வேப்பூரில் கண்டக்டர் பாக்கிச் சில்லறை கொடுக்க வருவார், விருத்தாசலத்தில் பக்கத்து சீட்டுக்கு ஆள் மாறும், நெய்வேலி ஆர்ச் கேட்டில் வெள்ளரிப்பிஞ்சு ஜன்னல் வழியே முகத்துக்கு நேராக வரும். ஒவ்வொரு தடவையும் தலை நிமிர்ந்து, விட்ட வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் யார் யாருக்குச் சகலை என்பது மறந்து போயிருக்கும். சிறுகதை என்றால் ஒரு ஊரில் தொடங்கி அடுத்த ஊருக்குள் முடித்துவிடலாம். முடித்தபின் வெளியே பார்த்துக்கொண்டு அசைபோடவும் நேரம் கிடைக்கும். ஆகவே என் பையில் புதுமைப்பித்தன், ஜெயகாந்தன், கி.ரா. என்று சிறுகதைத் தொகுப்புகள் மட்டும். மகள் ஏழாவது முடித்திருக்கிறாள். அவள் பையில் ஹெட்போனும் சார்ஜரும்.

போகிற காரணம் அத்தை. அப்பாவின் அக்கா, கடலூர் திருப்பாப்புலியூரில் இருக்கிறார். கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கொஞ்ச நாள் கண்ணுக்குச் சிரமம் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை டிவியைச் சுலபமாக விட்டுவிட்டார், புத்தகத்தை விட முடியவில்லை. போன வாரம் போனில், "சோறு ஆக்கிப் போட ஆள் இருக்குடி. வாசிச்சுக் காட்டத்தான் ஆள் இல்ல. உம் பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சாச்சில்ல, கிளம்பி வா" என்றார்.

இந்தப் பாதையில் போகிறவர்கள் இரண்டு பேரைப் படித்திருக்க வேண்டும். ஒருவர் இமையம். 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. ஊருக்குத் துணி வெளுத்துப் போட்டுப் படி வாங்கிப் பிழைக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. பஸ்ஸில் அல்ல, வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம். முப்பது பக்கத்துக்கு மேல் மூடி வைக்க மனசு வராது. இன்னொருவர் கண்மணி குணசேகரன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே 'அஞ்சலை' நாவலையும் நடுநாட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியையும் தந்தவர். விருத்தாசலம் டிப்போ பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

வடலூரில் பஸ் நின்றபோது, 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது என்று மகளிடம் சொன்னேன். "அப்போ சிலிண்டர் தீரவே தீராதா?" என்றாள். விறகு என்றேன். ஒரு காதில் மட்டும் ஹெட்போனைக் கழற்றினாள். அதுவே பெரிய விஷயம்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை ஒரு கணக்கு சொன்னார். ஜெயகாந்தன் கடலூரில் பிறந்தது 1934 ஏப்ரல் 24. புதுமைப்பித்தன் இதே திருப்பாப்புலியூரில் பிறந்தது 1906 ஏப்ரல் 25. பிரபஞ்சன் புதுச்சேரியில் 1945 ஏப்ரல் 27. பாரதிதாசன் அதே புதுச்சேரியில் 1891 ஏப்ரல் 29. நாலு பேரும் ஒரே வாரம், ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள்! "இந்த வாரத்துல இங்க புள்ள பொறந்தா, பேனாவை எட்டாத எடத்துல வைக்கணும்" என்றார். அவர் மகன் பிறந்தது டிசம்பரில். சிமெண்ட் வியாபாரம்.

ஏப்ரல் 25, சனி – கடலூர்

வெயில் ஏறுவதற்குள் கெடிலம் பாலத்துக்கு நடந்தோம். ஆற்றில் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. ஆனால் ஜெயகாந்தனின் 'யுகசந்தி' படித்தவர்களுக்கு இந்தப் பாலம் போதும். நெய்வேலியில் டீச்சராக இருக்கும் பேத்தியிடமிருந்து கௌரிப் பாட்டி கடலூருக்கு வருகிறாள். பஸ்ஸைவிட்டு இறங்குகிறாள். ஜட்கா வண்டிக்காரர்கள் கூப்பிடக் கூப்பிட, பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடக்கிறாள். பாலம் தாண்டி, ஆற்றோரம் உட்கார்ந்திருக்கும் நாவிதர் வேலாயுதத்திடம் தலையை மழித்துக்கொண்டு, அப்புறம்தான் புதுப்பாளையத்து வீடு. இளம் வயதில் கணவனை இழந்த அந்தப் பேத்தி மறுமணம் செய்யப்போகிறாள் என்ற கடிதம் பாட்டியின் கையில் இருக்கிறது. வீட்டில் இடி விழுகிறது. பாட்டி என்ன முடிவெடுக்கிறாள் என்பதை நான் சொல்லப் போவதில்லை.

ஜெயகாந்தனை இதுவரை படிக்காதவர்களுக்கு எல்லோரும் 'அக்னிப் பிரவேச'த்தைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். நல்ல கதைதான். வந்த காலத்தில் ஊரே சண்டை போட்டது, அந்தச் சண்டையிலிருந்துதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலே பிறந்தது, அதற்கு 1972இல் சாகித்ய அகாதெமியும் கிடைத்தது. ஆனாலும் முதல் கதையாக நான் கொடுப்பது 'யுகசந்தி'யைத்தான். காரணம் எளிது. அதில் யாரும் கத்திப் பேசி நம்மைத் திருத்தப் பார்ப்பதில்லை. மழித்த தலையோடு இருக்கிற ஒரு கிழவி தன் காலத்தைத் தானே கடந்துவிடுகிறாள், அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் நூலகம். இரவல் புத்தகம் எடுக்கும் முன் நான் அட்டையைப் பார்ப்பதில்லை, முதல் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டைத்தான் பார்ப்பேன். ஊதா மையில் தேதி முத்திரைகள் வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சீட்டு தீர்ந்து அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தால், அந்தப் புத்தகத்தை ஊர் சிபாரிசு செய்கிறது என்று அர்த்தம். ஒரு சமையல் புத்தகத்துக்கு அப்படி மூன்று சீட்டு. மஞ்சள் கறைகூட இருந்தது. பக்கத்தில் அதே கனத்தில் விருது வாங்கிய நாவல் ஒன்று, ஒரே ஒரு முத்திரையோடு, புதுப்பெண் மாதிரி. எந்த நாவல் என்று சொல்லமாட்டேன், எனக்குப் பிடித்த நாவல் அது.

மத்தியானம் அத்தையின் அலமாரியைத் திறந்தேன். கடைப் புத்தகங்கள் கால்வாசி இருக்கும். மீதி எல்லாம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டவை. காக்கி அட்டை, முதுகில் அத்தையின் கையெழுத்தில் தலைப்பு. தொடர்கதைப் பக்கத்துக்குப் பின்பக்கம் என்ன வருமோ அதுவும் சேர்ந்தே வரும்: பாதி ஜோக், தலைவலித் தைல விளம்பரம், ராசிபலனில் கன்னி முதல் மீனம் வரை. ஒரு தொகுப்பில் பதினெட்டாவது வாரம் இல்லை. அந்த வாரம் புத்தகம் கைக்கு வந்து சேரவில்லையாம். எதிர்வீட்டு அக்கா படித்துவிட்டு வாசலில் நின்று கதையைச் சொல்ல, அத்தை கோடு போட்ட தாளில் எழுதி நடுவில் சேர்த்துத் தைத்திருக்கிறார். "அவ வெளிய போறேன்னா. அவன் பேசல. காரு வந்துச்சு. மிச்சம் அடுத்த வாரம்." மொத்த அத்தியாயமும் இவ்வளவுதான். ஆசிரியர் எழுதியது இதைவிட நன்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிறந்த நாள் என்பதால் இன்றைய வாசிப்பு புதுமைப்பித்தன். அத்தை கறுப்புக் கண்ணாடியோடு ஈசிசேரில். நான் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எடுத்தேன். டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், பஸ்ஸில் போனால் எவ்வளவு மிஞ்சும் என்று பிராட்வே முனையில் நின்று காலணாக் கணக்குப் போடும் ஒரு வைத்தியப் பத்திரிகைக்காரர், அங்கேயே கடவுளைச் சந்தித்து ஓட்டலுக்குக் கூட்டிப் போகிற கதை. இதைக் கண்ணால் படித்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன். வாய்விட்டுப் படிக்கும்போதுதான் ஒன்று தெரிந்தது. வாக்கியங்கள் எல்லாம் பேச்சுக்கென்றே வெட்டப்பட்டவை, மூச்சு எங்கே விடவேண்டுமோ சரியாக அங்கே முற்றுப்புள்ளி விழுகிறது. காப்பியில் சிக்கரி கலந்திருப்பது யாருடைய லீலை என்று பிள்ளை சொல்லும் இடத்தில் அத்தை சிரித்த சிரிப்பில், "கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னாங்க, நிறுத்துடி" என்றார். நிறுத்தினேன். அடுத்த அறையிலிருந்து மகள், "அப்புறம் கடவுள் காசு குடுத்தாரா இல்லையா?" என்று கத்தினாள்.

அவளே வந்து மிச்சத்தை வாசித்தாள். பிள்ளையின் குழந்தை வள்ளி கடவுளைப் பாடாய்ப் படுத்தும் பகுதி அவளுக்குத்தான் கிடைத்தது. சிறு பிள்ளைகளுக்குப் புதுமைப்பித்தன் கனம் என்பார்கள். 'துன்பக் கேணி' கனம்தான். இது இல்லை.

விளக்கு வைத்தபின் அத்தைக்கு வாசிக்க யாரும் தேவைப்படவில்லை. நமச்சிவாயப் பதிகம் முழுக்க மனப்பாடம். கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது அப்பர் பாடிய பதிகம் என்பார்கள். அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் கரையேறவிட்ட குப்பம் இங்கேதான், பக்கத்தில். கடலூர்க்காரர்களுக்கு அது புராணமில்லை, போக்குவரத்து வசதியுள்ள இடம்.

ஏப்ரல் 26, ஞாயிறு – புதுச்சேரி

அத்தைக்குச் செவ்வாய்க்கிழமை புதுச்சேரியில் கண் பரிசோதனை. அதனால் அவரும் எங்களோடு கிளம்பிவிட்டார். லாசுப்பேட்டையில் பெரியப்பா மகன் இருக்கிறார். அண்ணன் முன்பு ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். இன்றும் கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் சந்திப்பிழை பார்த்துவிட்டுத்தான் தேதியைப் பார்ப்பார்.

தென்பெண்ணைப் பாலம் தாண்டும்போது பாரதியை நினைக்காமல் இருக்க முடியாது. 1908இல் புதுச்சேரிக்கு வந்தவர், பத்து வருஷம் கழித்து 1918 நவம்பரில் இந்தப் பக்கம் திரும்பி வர, எல்லை தாண்டியதும் கைது. நவம்பர் 20 முதல் டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறை. நாங்கள் எதிர்த் திசையில், பலாச்சுளைப் பொட்டலத்தோடு போய்க்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு வந்துவிட்டு காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. துணி, செருப்பு, பிளாஸ்டிக் வாளி, கூலிங் கிளாஸ், நடுநடுவே தார்ப்பாயில் பழைய புத்தகம். ஒரு கடைக்காரர் தடிமன் பார்த்து விலை சொல்கிறவர். வருமான வரிச் சட்ட விளக்கம் இருநூறு. ஒல்லியான கவிதைத் தொகுப்பு முப்பது, அதுவும் கேட்டால் இருபது. நல்ல கவிதை வாங்க இதைவிட நல்ல சந்தை கிடையாது. எனக்குக் கிடைத்தது ராமபாணம் துளைத்த ஒரு நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு. உள் அட்டையில் ஒரு பள்ளிக்கூட முத்திரை, "பேச்சுப் போட்டி, இரண்டாம் பரிசு". பூச்சி ரொம்ப ஒழுக்கமாக, அட்டையிலிருந்து அட்டை வரை ஒரே நேர்க்கோட்டில் போயிருந்தது. ஒவ்வொரு கதையிலும் ஒரே இடத்தில் ஓர் எழுத்து இல்லை.

"நீங்க இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன். எங்கே போனாலும் யாரையாவது இதைக் கேட்பது என் வழக்கம். முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அப்புறம் பேச்சு தானாக ஓடும். அவர் தொடைக்கு அடியிலிருந்து ஒரு மாத நாவலை உருவினார். கிரைம். "கொலகாரன் யாருன்னு மூணாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சிருச்சு. ஆனா போலீசு எப்பக் கண்டுபிடிக்குதுன்னு பார்க்கணும்ல?" என்றார். வாசகர் என்றால் இவர்.

அத்தையின் பதினெட்டாவது வாரத்தைப் பழைய பத்திரிகைக் கட்டுகளில் தேடினேன். அந்த வருஷமே இல்லை.

சாயங்காலம் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம். மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறார்களாம், பேர் எதுவும் வைக்கவில்லை. கீற்றுப் பந்தல், பாய், அண்ணியின் சுக்கு காபி. பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா குடும்பத்துப் பெரியவர் ஒருவர், நர்சிங் படிக்கும் பெண், மின்துறையில் இருக்கும் இருவர், பக்கத்து வீட்டுத் தமிழாசிரியை. அத்தைக்கு நாற்காலி.

அந்தப் பெண்தான் கேட்டாள். நைட் ஷிப்டில் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை வார்டு அமைதியாக இருக்கும், தூங்கக் கூடாது, அப்போது படிக்க என்ன நல்லது? கேட்டு முடிப்பதற்குள் பத்துப் பெயர்கள் வந்து விழுந்தன. பெரியவர், வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த காம்யுவின் பிரெஞ்சு நாவல் 'அந்நியன்' என்றார். "அது அம்மா சாவுல ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரில நடுராத்திரி அதையா படிப்பாங்க?" என்று ஆசிரியை சண்டைக்குப் போனார். மின்துறைக்காரர் சரித்திர நாவல் ஐந்து பாகம் ஒன்றைச் சொன்னார். அண்ணன் ஒரு பட்டியலே எழுத ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு இதில்தான் மனத்தாங்கல். நாடி பார்க்காமல் கஷாயம் கொடுக்கிற வைத்தியரைப்போல, கேட்டவர் யார் என்று பார்க்காமலே நாம் புத்தகம் சொல்கிறோம். நமக்கு எது பிடித்தது என்பதுதான் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அவருக்கு எது தேவை என்பது இல்லை. "நூறு சிறந்த நாவல்கள்" என்று யாராவது அனுப்பினால் நான் திறப்பதே கிடையாது. நூறைப் படிக்கச் சொல்கிறவர் எதையும் படிக்கச் சொல்லவில்லை. ஒரு புத்தகம் சொல்லுங்கள், எந்தப் பக்கத்தில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள், எந்த இடத்தில் அலுக்கும், அதைத் தாண்டினால் என்ன கிடைக்கும் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அந்தப் பெண்ணிடம் அத்தை கேட்டதுதான் சரியான கேள்வி. "நடுவுல கூப்பிடுவாங்களாம்மா?" அடிக்கடி கூப்பிடுவார்கள் என்றாள். "அப்ப பத்து நிமிஷத்துல எழுந்து போற மாதிரி வேணும். எழுந்து போனாலும் மனசு கெடக் கூடாது." அப்படி யோசித்தபின் பாரதியின் வசன கவிதை என்று முடிவாயிற்று. அதில் 'காற்று' பகுதி. மாடியில் ஓலைப்பந்தல், மூங்கில் கழியில் மிச்சமாகத் தொங்கும் இரண்டு கயிறுகள், ஒன்று கந்தன், ஒன்று வள்ளியம்மை, இரண்டும் காற்றில் பேசிக்கொள்கின்றன. பாரதி என்றால் முழக்கம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் கொடுக்கிற பக்கங்கள். அண்ணன் பந்தலுக்கு அடியிலேயே அதை வாசித்தார். எங்கள் பந்தலிலும் கயிறு தொங்கியது, ஆனால் நைலான். அது எதுவும் பேசவில்லை.

ஏப்ரல் 27, திங்கள் – புதுச்சேரி

காலையில் கடற்கரைச் சாலை. ஏழரை வரைக்கும் வண்டி கிடையாது, நடந்துகொண்டே பேசலாம். பாரதி பூங்கா பக்கம் ரோமன் ரோலண்ட் நூலகத்தை வெளியிலிருந்து மகளுக்குக் காட்டினேன். 1827இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய நூலகம், 1966இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரோலண்டின் நூற்றாண்டில் அவர் பெயர் வைத்தார்கள். "இருநூறு வருஷமா? ஃபைன் எவ்ளோ ஆகியிருக்கும்?" என்றாள்.

இன்று பிரபஞ்சன் நாள். ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை முன் நின்றோம். பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்துத் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதியவர். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, கவர்னர் முகம் எப்படி இருந்தது, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள், எல்லாம் இருக்கும். சாயங்காலம் எழுதுவதற்குள் பாதி மறந்துவிடுகிற என் மாதிரி ஆட்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

அந்த நாட்குறிப்பிலிருந்துதான் பிரபஞ்சனின் இரண்டு நாவல்கள் எழுந்தன, 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்'. இரண்டாவதற்கு 1995இல் சாகித்ய அகாதெமி. எதை முதலில் படிப்பது என்று எனக்கும் அண்ணனுக்கும் வீதியிலேயே வாக்குவாதம். வரிசைப்படிதான் என்பது அவர் கட்சி. 'வானம் வசப்படும்' விருது வாங்கியதால் எல்லோரும் அதிலேயே குதித்துவிடுகிறார்கள், ஆட்களைத் தெரியாமல் திணறுகிறார்கள் என்றார். நான் சொன்னது வேறு. இரண்டுக்கும் முன்னால் நாட்குறிப்பிலேயே பத்துப் பதினைந்து பக்கம் படிக்க வேண்டும். அந்தப் பழைய நடை முதலில் கரடுமுரடாக இருக்கும், கமா கிடையாது, வாக்கியம் எங்கே முடியும் என்று தெரியாது. ஆனால் பிள்ளைவாள் தன் செல்வாக்கைப் பற்றித் தானே பெருமையாக எழுதிக்கொள்ளும் அழகைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தால், பிரபஞ்சன் அவர் பார்க்காத ஆட்களை, தாசிகளையும் கூலிக்காரர்களையும் சிப்பாய்களையும், எப்படிப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்பது பளிச்சென்று தெரியும். அரண்மனைக்காரர்களை மட்டும் வைத்துச் சரித்திர நாவல் எழுதிய காலத்தில் அது பெரிய மாற்றம்.

ராஜா ராணி, புரவி, சதி என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது. அதையும் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் லாசுப்பேட்டையில் கி.ரா. இருந்த அரசுக் குடியிருப்புப் பக்கம் நடந்தோம். இடைசெவல்காரர், பல்கலைக்கழகப் பணிக்காக 1989 வாக்கில் வந்தவர், 2021 மே 17இல் இந்த ஊரில்தான் காலமானார். கரிசல் காட்டைப் பற்றி எழுதியவர் கடைசி முப்பது வருஷம் கடற்கரை ஊரில் உட்கார்ந்து எழுதினார். விலகி இருந்ததால்தான் இன்னும் துல்லியமாக எழுத முடிந்தது என்பது அண்ணன் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, 'கோபல்ல கிராமம்' 1976இலேயே வந்துவிட்டது.

மகளுக்கு 'கதவு' கொடுத்தேன். வீட்டுக் கதவில் ஏறிக்கொண்டு பஸ் விளையாடும் குழந்தைகள், தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே பெயர்த்துக்கொண்டு போகும் தலையாரி. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வந்து, "கதவு இல்லாம ராத்திரி எப்படித் தூங்குவாங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நிற்கவில்லை, திரும்பப் போய் இன்னொரு தடவை படித்தாள். ஹெட்போன் எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய் – புதுச்சேரி

நாள் முழுக்க ஆஸ்பத்திரி. அத்தை கண்ணுக்குக் குறையில்லை. இன்னும் இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம். காத்திருக்கும் ஹாலில் ஐம்பது பேர் இருந்தோம், அத்தனை பேர் கண்ணிலும் சொட்டு மருந்து, ஒருவராலும் படிக்க முடியாது. அத்தை சும்மா இருக்காமல் என்னைப் புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' வாசிக்கச் சொன்னார். மெதுவாகத்தான் வாசித்தேன். எழுதிப் பிழைக்கிற முருகதாசர் கடன்காரர்களைச் சமாளிக்கிற இடத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, "சத்தமாப் படிம்மா, இங்க கேக்கல" என்றார்.

ஏப்ரல் 29, புதன் – புதுச்சேரியிலிருந்து திருச்சி

பஸ்ஸுக்கு முன் பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. பிறந்த நாள், அதனால் மாலையும் மைக்கும் கூட்டமும். உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்ப்பதைவிட, வாசலில் நின்று பள்ளிப் பிள்ளைகள் பாட்டுப் பாடுவதைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. அவரே வாழ்நாளில் பெரும்பகுதி பள்ளி ஆசிரியர்தானே.

பாடப்புத்தகத்தில் 'குடும்ப விளக்கு' படித்துவிட்டு அதோடு பாரதிதாசனை மூடிவைத்தவர்களுக்கு நான் சொல்வது 'இருண்ட வீடு'. படிப்பில்லாத ஒரு வீடு விடிந்ததிலிருந்து எப்படியெல்லாம் கூத்தடிக்கிறது என்று கவிஞர் கேலி செய்துகொண்டே போகிறார். சில இடத்தில் கேலி எல்லை மீறுகிறது, பெண்களைப் பற்றிச் சொல்கிற சிலவற்றுக்கு இன்று நெற்றி சுருங்கும். இருந்தாலும் வேகம் அபாரம். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடிந்துவிடும். சத்தமாகப் படித்தால் பக்கத்து அறையில் இருப்பவர்கள் வந்துவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பல்ல.

அத்தை அண்ணன் வீட்டிலேயே இன்னும் சில நாள் இருக்கட்டும் என்று ஏற்பாடு. தினம் மத்தியானம் நர்சிங் பெண் வந்து வாசித்துக் காட்டுகிறாள். பதிலுக்கு அத்தை அவளுக்குத் தொடர்கதைத் தொகுப்புகளைக் கடலூரிலிருந்து வரவழைத்துத் தருவதாக ஒப்பந்தம். பதினெட்டாவது வாரத்தைப் பற்றி முன்னாடியே சொல்லிவிட்டாராம்.

கிளம்பும்போது நான் 'மானுடம் வெல்லும்' கேட்டேன். திருச்சியில் என்னிடம் இருந்த பிரதி யாரிடமோ போய் வருஷமாகிறது. அண்ணன் அலமாரியைத் திறக்கவில்லை, முதலில் நோட்டைத் திறந்தார். நீளமான கணக்கு நோட்டு. பெயர், ஊர், புத்தகம், வாங்கிய தேதி, திரும்பிய தேதி, கடைசியில் 'நிலை' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் "மூலை மடிப்பு", "எண்ணெய்", "55ஆம் பக்கத்தில் பென்சில் கோடு" என்றெல்லாம் குறித்திருந்தார். சொந்தத் தங்கைக்குமா என்றேன். தங்கைகளுக்குத்தான் முதல் பக்கத்திலேயே ஒதுக்கியிருக்கிறேன் என்றார்.

கையெழுத்துப் போட்டேன். ஒரு புத்தகம்தான் கொடுத்தார். "'வானம் வசப்படும்' வேணும்னா இது திரும்பி வந்தாகணும். கூரியர் வேண்டாம், நேர்ல" என்றார்.

அப்புறம் என் மகளும் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கி.ரா. தொகுப்புக்குத் தன் பெயரை எழுதினாள். ஊர் என்ற கட்டத்தில் 'திருச்சிராப்பள்ளி' என்று முழுசாக எழுதினாள். அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார்.